பொருளியல், நிதி டிகிரி: சேர்வதற்கு முன்பிருந்து கடைசி ப்ராஜெக்ட் வரை எப்படிப் படிப்பது

எந்தப் பங்கை வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று சொல்லிக் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் நிறையப் பேர் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் வந்தேன். முதல் மாதம் கையில் கிடைப்பது ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள், சில வகைக்கெழுக்கள், 'நுகர்வோர் உபரி' என்று ஒரு சொல். பங்கைப் பற்றிப் பேச்சே இருக்காது. சிலருக்கு அங்கேயே மனசு விட்டுப்போகிறது, அப்புறம் பரீட்சைக்கு முந்தின வாரம் சூத்திரங்களை மனப்பாடம் செய்து எப்படியோ தாண்டி, கடைசியில் எகனாமெட்ரிக்ஸில் (பொருளாதாரக் கேள்விகளுக்குத் தரவையும் புள்ளியியலையும் வைத்து விடை தேடும் பாடம்) வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் படிப்பை முடித்தவன், முடித்த பிறகு முதலாண்டு மாணவர்கள் சிலருக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் ஒரு பழக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதையொட்டித்தான் வரும். கணக்கைக் கையால் போடுங்கள். விடை வந்ததும் பேனாவை வைத்துவிடாமல் அதற்குக் கீழே ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள்: இந்த எண்ணால் யாருக்கு என்ன ஆகிறது? அந்த வாக்கியம் வரவில்லையென்றால் கணக்கு இன்னும் முடியவில்லை.

சேர்வதற்கு முன்: பாடத்திட்டத்தைப் படியுங்கள்

டிகிரியின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒரே பெயரில் இருக்கும் படிப்பு உள்ளே முழுக்க வேறாக இருக்கலாம். ஓரிடத்தில் பாதிக்குப் பாதி கணிதமும் புள்ளியியலும், இன்னோரிடத்தில் கணக்குப்பதிவும் மேலாண்மையும் கொஞ்சம் பொருளியலும் இருக்கும். இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை, ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பது ஒன்று, கிடைப்பது வேறொன்று என்றால் மூன்று நாலு வருடம் கஷ்டம்.

பார்க்க வேண்டியது இதுதான்: எகனாமெட்ரிக்ஸ் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? நிதி சம்பந்தப்பட்ட பாடங்கள் எந்த வருடத்தில் தொடங்குகின்றன? கடைசி வருடம் சொந்தமாக ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்கிறார்களா? முதல் வருடம் முடிந்ததும் பொருளியல் பக்கமோ நிதிப் பக்கமோ மாறிக்கொள்ள வழி இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை, ஆனால் எனக்குத் தெரிந்து அதுதான் முக்கியமானது, ஏனென்றால் இந்த இரண்டில் எது உங்களுக்கு ஒட்டும் என்பது ஒரு வருடம் படித்துப் பார்க்காமல் தெரியாது. சுருக்கமாகச் சொன்னால், மனிதர்களும் நிறுவனங்களும் அரசுகளும் ஏன் இப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் விலையும் வேலைவாய்ப்பும் என்ன ஆகின்றன என்று கேட்பது பொருளியல். நாளை வரப்போகும் பணத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு, அது வராமலே போய்விடக்கூடிய ஆபத்துக்கு என்ன விலை என்று கேட்பது நிதி.

வகுப்பு தொடங்குவதற்கு முன் ஆறு வாரம்: கணிதம்

மேதையாக இருக்கத் தேவையில்லை. ஆனால் துரு பிடித்த கணிதத்தோடு உள்ளே போகாதீர்கள். பேராசிரியர் பொருளியலைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பின்னத்தை எப்படித் திருப்பிப் போட்டார் என்று யோசித்துக்கொண்டிருந்தால் இரண்டுமே கிடைக்காது.

எதைத் துலக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பின்னம், அடுக்கு, ஒரு சமன்பாட்டில் வேண்டியதை ஒரு பக்கம் தனியாக எடுப்பது. நேர்கோட்டின் சாய்வு. அப்புறம் வகைக்கெழு, அதாவது 'இன்னும் ஒரு துளி கூட்டினால் என்ன ஆகும்' என்ற கேள்வி. பொருளியலில் 'இறுதிநிலை' என்று எது தொடங்கினாலும் உள்ளே இருப்பது அதுதான். அடுத்து இரண்டு மாறிகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் அசைத்துப் பார்க்கும் பகுதி வகைக்கெழு. புள்ளியியலில் சராசரி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பது), நிகழ்தகவு. இவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும், ஆனால் வீடியோ பார்ப்பதை அந்த ஒரு மணி நேரத்தில் சேர்க்காதீர்கள்.

லாகரிதத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். பள்ளியில் பலரும் வெறுத்து ஒதுக்கிய பகுதி, இங்கே ஒவ்வொரு பக்கத்திலும் வரும். ஏன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். 100 போட்ட முதலீடு முதல் வருடம் 50 சதவீதம் இறங்குகிறது, அடுத்த வருடம் 50 சதவீதம் ஏறுகிறது. சராசரி பூஜ்யம், அப்படியென்றால் போட்டது அப்படியே இருக்க வேண்டும் இல்லையா? இல்லை. 100 முதலில் 50 ஆகிறது, அந்த 50 அப்புறம் 75 ஆகிறது. நாலில் ஒரு பங்கு போய்விட்டது. சதவீதங்களை நேராகக் கூட்டினால் பொய் சொல்லும், லாகரிதத்தில் மாற்றிக் கூட்டினால் சொல்லாது: 0.5-இன் இயல் லாகரிதம் சுமார் -0.693, 1.5-இனுடையது 0.405, கூட்டினால் -0.288, அதைத் திருப்பி மாற்றினால் சரியாக 0.75. இதைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள், ஏன் பங்கு விலை ஆய்வுகளிலும் வளர்ச்சி விகிதப் படங்களிலும் எங்கே பார்த்தாலும் லாகரிதம் இருக்கிறது என்று அப்புறம் கேட்பதில்லை.

இதோடு ஒரு சின்ன விஷயத்தையும் பழகிவிடுங்கள். வட்டி 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானால் அது 'ஒரு சதவீதப் புள்ளி' உயர்வு, '25 சதவீத' உயர்வும்கூட. 'ஒரு சதவீதம் உயர்ந்தது' என்று எழுதினால் தவறு. செய்தித்தாளிலேயே குழப்புவார்கள், விடைத்தாளில் நீங்கள் குழப்பக்கூடாது.

முதல் வருடம்: மைக்ரோ, மேக்ரோ

மைக்ரோவில், அதாவது தனி மனிதர், நிறுவனம், ஒரு சந்தை என்ற அளவில் பார்க்கும் பொருளியலில், எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் குடை விலை ஏறுகிறது, விற்பனையும் ஏறுகிறது. விலை ஏறினால் வாங்குவது குறையும் என்ற விதி பொய்த்துவிட்டதா? பொய்க்கவில்லை. மழை வந்ததால் தேவைக் கோடே (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. ஒரே கோட்டின் மேல் நடக்கும் நகர்வு வேறு, கோடே இடம் மாறுவது வேறு. படித்தால் சுலபமாகத் தெரியும். ஆனால் படத்தைக் கையால் வரையாமல் புத்தகத்தில் பார்த்துவிட்டு மட்டும் போகிறவர்கள், பரீட்சையில் எந்தக் கோட்டை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் தாளில் வரையுங்கள், இரண்டு அச்சுக்கும் பெயர் எழுதுங்கள், பழைய சமநிலை, புதிய சமநிலை இரண்டையும் குறியுங்கள். இதே குடைக் கணக்கு பின்னால் எகனாமெட்ரிக்ஸில் திரும்பி வரும்: விலையையும் விற்பனையையும் மட்டும் எடுத்து ஒரு கோடு பொருத்தினால் அது தேவைக் கோடா, அளிப்புக் கோடா (எந்த விலைக்கு எவ்வளவு விற்பார்கள் என்பது), இரண்டும் கலந்த எதுவோவா? அன்றைக்கு இந்த அடித்தளம் கைகொடுக்கும்.

மேக்ரோவில், அதாவது நாட்டுப் பொருளாதாரம் முழுவதையும் பார்க்கும் பகுதியில், என் யோசனை வேறு. ஒவ்வொரு மாதிரிக்கும் (பொருளாதாரம் எப்படி இயங்குகிறது என்று எளிமையாக்கிக் காட்டும் 'மாடல்') பக்கத்தில் அது பிறந்த காலத்தை எழுதி வையுங்கள். மேக்ரோ பாடம் குழப்பமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், ஒன்றுக்கொன்று முரண்படும் கருத்துகளை ஒரே செமஸ்டரில் அடுத்தடுத்து நடத்துவதுதான். 1929-இல் தொடங்கிய பெருமந்தத்தில் வேலையில்லாமல் கோடிக்கணக்கானவர்கள் நிற்கும்போது, சந்தை தானே சரியாகிவிடும் என்ற பதில் போதவில்லை. 1936-இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் கெயின்ஸ் மொத்தத் தேவையை (நாடு முழுக்க எல்லோரும் சேர்ந்து செலவழிப்பது) பற்றி எழுதியது அந்தச் சூழலில். 1958-இல் பிலிப்ஸ் என்ற பொருளியலாளர், பிரிட்டனின் பழைய தரவுகளை வைத்து, வேலையின்மை குறைவாக இருந்த காலங்களில் கூலி வேகமாக ஏறியதைக் காட்டினார். 1970-களில் பல நாடுகளில் விலைவாசியும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறின, அந்தப் படம் உடைந்தது. அப்போதுதான் மக்களின் எதிர்பார்ப்பு என்ற விஷயம் மாதிரிகளின் நடுவே வந்து உட்கார்ந்தது. 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு வங்கிகளையும் கடனையும் மாதிரிகளுக்குள் கொண்டுவரும் வேலை சூடுபிடித்தது. இப்படிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் தலைவலிக்கு எழுதிய மருந்துச் சீட்டாகத் தெரியும், எது எங்கே பொருந்தும் என்பதும் புரியும்.

பெயரளவு மதிப்பு, உண்மை மதிப்பு என்ற வேறுபாட்டையும் இங்கேயே கையில் பிடித்துவிடுங்கள். சேமிப்புக்கு 6 சதவீத வட்டி, பணவீக்கம் 7 சதவீதம் என்றால் கையில் பணம் கூடியிருக்கிறது, ஆனால் அதை வைத்து வாங்கக்கூடியது குறைந்திருக்கிறது.

கணக்குப்பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்

பொருளியலில் மனசு உள்ளவர்களுக்கு இது சலிப்பாக இருக்கும். இருந்தாலும் படியுங்கள், நிதிப் பாடங்கள் முழுக்க இதன் மேல்தான் நிற்கின்றன. ஒரு கடை 1,000-க்குச் சரக்கைக் கடனுக்கு விற்கிறது, அந்தச் சரக்குக்கு 700-ஐ ரொக்கமாகக் கொடுத்திருக்கிறது. லாப நட்டக் கணக்கில் 300 லாபம். கையில் இருக்கும் பணத்திலோ 700 குறைந்திருக்கிறது. லாபத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனம் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் மூடப்படுவது எப்படி என்பதற்கு இதுதான் விளக்கம். உங்களுக்குப் பிடித்த பொருளைச் செய்யும், பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்கி வைத்துக்கொண்டு, வகுப்பில் ஒவ்வொரு தலைப்பு நடத்தும்போதும் அதில் அந்த எண் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஒரே நிறுவனம் போதும், செமஸ்டர் முழுக்க.

நிதி: காலக்கோடு வரையாமல் எந்தக் கணக்கையும் தொடாதீர்கள்

நிதிப் பாடத்தில் முக்கால்வாசி ஒரே யோசனையின் வேறு வேறு வடிவங்கள்: பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது. சூத்திரத் தாளில் பதினைந்து சூத்திரங்கள் இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு கோடு போட்டு, அதில் 0, 1, 2, 3 என்று வருடங்களைக் குறித்து, எந்த வருடம் எவ்வளவு பணம் வருகிறது அல்லது போகிறது என்று மேலே எழுதிவிட்டால் முக்கால் கணக்கு முடிந்த மாதிரி.

கடன் பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். முக மதிப்பு (கடைசியில் திரும்பக் கிடைக்கும் தொகை) 1,000, ஆண்டுக்கு 5 சதவீத வட்டி, மூன்று வருடம். அப்படியானால் 50, 50, கடைசி வருடம் 1,050. சந்தையில் வட்டி 5 சதவீதமாகவே இருந்தால் இதன் விலை 1,000. வாங்கிய மறுநாள் சந்தை வட்டி 7 சதவீதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒவ்வொன்றையும் 1.07-ஆல் வகுக்க வேண்டும், முதல் வருடத்துக்கு ஒருமுறை, இரண்டாவதுக்கு இரண்டுமுறை, மூன்றாவதுக்கு மூன்றுமுறை: 46.73, 43.67, 857.11. கூட்டினால் 947.51. இனி விடைக்குக் கீழே வாக்கியம்: 'புதிதாக வாங்குகிறவருக்கு வெளியே 7 சதவீதம் கிடைக்கும்போது, 5 சதவீதம் மட்டும் தரும் என் பத்திரத்தை விலை குறைத்தால்தான் வாங்குவார்.' வட்டி ஏறினால் பத்திர விலை இறங்கும் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, இந்த வாக்கியத்தை ஒருமுறை சொந்தமாக எழுதியவருக்கு அது மறக்காது.

அதே கணக்கை 30 வருடப் பத்திரத்துக்குப் போட்டுப் பாருங்கள், விலை 752 பக்கம் வந்துவிடும். மூன்று வருடப் பத்திரத்தில் ஐந்து சதவீதத்துக்குச் சற்றே மேல் நஷ்டம், முப்பது வருடப் பத்திரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. 2023 மார்ச்சில் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்த கதையின் மையத்தில் இருந்தது இதுதான்: வட்டி தாழ்ந்து கிடந்தபோது நீண்ட காலப் பத்திரங்களை ஏராளமாக வாங்கி வைத்திருந்தார்கள், வட்டி வேகமாக ஏறியது, பத்திரங்களின் மதிப்பு இறங்கியது, செய்தி பரவியதும் மார்ச் 9 ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை வெளியே எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள், மறுநாள் வங்கி மூடப்பட்டது. முதல் செமஸ்டர் நிதிப் பாடம் படித்தவர் பேனா பேப்பரில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. இந்தப் படிப்பின் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு இந்த மாதிரி இடங்கள்தான் காரணம்.

அடுத்தது ஆபத்து. பணத்தைப் பல பங்குகளில் பிரித்துப் போடுவது பற்றி 1952-இல் ஹாரி மார்கோவிட்ஸ் என்ற பொருளியலாளர் சொன்னதைக் கையால் போட்டுப் பாருங்கள். இரண்டு பங்குகள், ஒவ்வொன்றின் திட்ட விலக்கமும் 20 சதவீதம், பணத்தைப் பாதிப் பாதியாகப் போடுகிறீர்கள். இரண்டும் அச்சுப் பிசகாமல் சேர்ந்தே ஆடினால் மொத்தத்தின் ஆட்டமும் 20 சதவீதம், பிரித்துப் போட்டும் பயனில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் ஆடினால் 14.1 சதவீதமாகக் குறைகிறது. ஒரு பங்கு தனியாக எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட, உங்களிடம் ஏற்கெனவே இருப்பவற்றோடு எப்படிச் சேர்ந்து ஆடுகிறது என்பதுதான் கேள்வி. இது பிடிபட்டால் மூலதனச் சொத்து விலை மாதிரியின் (CAPM) பீட்டா, அதாவது ஒரு பங்கு மொத்தச் சந்தையோடு சேர்ந்து எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு, எங்கிருந்து வருகிறது என்பது தானாகவே விளங்கும்.

1958-இல் மொடிக்லியானி, மில்லர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் நிறுவனத்தின் மதிப்பு அது கடன் வாங்கியதா, பங்கு விற்றதா என்பதைப் பொறுத்தது அல்ல என்று நிறுவியதைப் படிக்கும்போது, 'இது நடைமுறைக்கு ஒத்துவராதே' என்று எரிச்சல் வரும். வரட்டும். வரி இல்லை, திவால் செலவு இல்லை, எல்லோருக்கும் ஒரே தகவல் என்ற அனுமானங்களின் மேல் நிற்கிற முடிவு அது. அனுமானங்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள், கடன் ஏன் முக்கியமாகிறது என்ற பாடம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. 1973-இன் பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்துக்கும் (ஒரு பங்கைப் பின்னால் குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையான 'ஆப்ஷனுக்கு' விலை கணக்கிடுவது) இதே அணுகுமுறைதான்.

எகனாமெட்ரிக்ஸ்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

மொத்தப் படிப்பிலும் வேலைக்குப் போன பிறகு அதிகம் உதவுவது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மாணவர்கள் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் சூத்திரம் இல்லை, எண்ணைச் சொல்லாக மாற்றத் தெரியாததுதான்.

ஒரு வகுப்பின் மதிப்பெண்ணையும் வாரத்தில் படித்த மணி நேரத்தையும் வைத்து ரெக்ரஷன் ஓட்டினீர்கள் (அதாவது தரவுப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு பொருத்தினீர்கள்), கெழு, அதாவது அந்தக் கோட்டின் சாய்வு, 1.8 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 'ஒரு மணி நேரம் கூடப் படித்தால் 1.8 மதிப்பெண் கூடும்' என்று எழுதத்தான் கை போகும். எழுதாதீர்கள். தரவு சொல்வது இவ்வளவுதான்: 'வாரத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் படித்தவர்கள் சராசரியாக 1.8 மதிப்பெண் அதிகம் வாங்கியிருக்கிறார்கள்.' முதல் வாக்கியம் காரணத்தைச் சொல்கிறது, இரண்டாவது ஒப்பீட்டை மட்டும் சொல்கிறது. அதிகம் படித்தவர்கள் ஏற்கெனவே கணிதத்தில் நன்றாக இருந்தவர்களாக இருக்கலாம், பகுதி நேர வேலைக்குப் போக வேண்டியில்லாதவர்களாக இருக்கலாம். விட்டுப்போன அந்த மாறிகள் எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று யோசிப்பதுதான் இந்தப் பாடம்.

காரணத்தைப் பிடிக்க என்ன செய்கிறார்கள் என்பதற்கு பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள், முதல் வருட மாணவருக்கும் புரியும். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது, பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரண்டு பக்கமும் உள்ள துரித உணவகங்களில் உயர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று விசாரித்து, ஒரு பக்கத்தின் மாற்றத்திலிருந்து இன்னொரு பக்கத்தின் மாற்றத்தைக் கழித்தார்கள். பாடநூல் எதிர்பார்த்தபடி வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. அதன் பிறகு அந்த முடிவைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது, அதையும் சேர்த்துப் படியுங்கள். 2021-இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு கழித்தல்தான் கணக்கு. பக்கத்து மாநிலத்தை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

தரவும் மென்பொருளும்

எக்செலை முதல் வருடமே சரளமாக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது வருடம் ஆர், பைத்தான், ஸ்டேட்டா மூன்றில் உங்கள் துறை எதைப் பயன்படுத்துகிறதோ அதை எடுங்கள். மூன்றையும் அரைகுறையாகக் கற்பதைவிட ஒன்றை ஒழுங்காகக் கற்பது மேல். தரவுக்குக் காசு கொடுக்க வேண்டாம்: உலக வங்கியின் தளத்திலும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி நடத்தும் ஃப்ரெட் தளத்திலும் உங்களுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே இலவசமாகக் கிடைக்கும்.

இரண்டாவது வருடம் ஒரு பங்கின் தினசரி விலைகளை இறக்கி, வருவாய் விகிதம் கணக்கிட்டு, பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். கோப்பில் புதிய தேதி மேலே, பழைய தேதி கீழே இருந்தது. நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் அதற்கு மேல் வரியால் வகுத்துக்கொண்டே போனதில் காலமே தலைகீழாகிவிட்டது, இரண்டு வருடத்தில் நன்றாக ஏறியிருந்த பங்குக்குச் சராசரி வருவாய் எதிர்மறையாக வந்தது. அதற்கு விளக்கமும் எழுதியிருந்தேன், அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. 'இந்தப் பங்கை வைத்திருந்தவர் பணத்தை இழந்தார்' என்று ஒரே ஒரு வரி எழுதிப் பார்த்திருந்தால், விலைப் படத்தைப் பார்த்த கண்ணுக்கு உடனே உறுத்தியிருக்கும். விடைக்குக் கீழே வாக்கியம் எழுதும் பழக்கம் எனக்கு வந்தது அதற்கப்புறம்தான்.

பெரியவர்களுக்கும் இது நடக்கும். 2010-இல் பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் இருவரும், அரசுக் கடன் நாட்டு வருமானத்தில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதம் என்று எழுதினார்கள். அரசியல்வாதிகள் செலவைக் குறைக்க அதை ஆதாரமாகக் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அந்த எண்களைத் திரும்பக் கணக்கிட முயன்றார், வரவில்லை. கட்டுரை ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது தெரிந்தது. அது மட்டுமல்ல, சில வருடத் தரவுகள் சேர்க்கப்படவில்லை, நாடுகளுக்கு எடை கொடுத்த முறையும் கேள்விக்குரியதாக இருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து, தன் பேராசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2013-இல் ஹெர்ன்டன் வெளியிட்ட சராசரி 2.2 சதவீதம். எக்செல் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள், தங்கள் பொதுவான முடிவு நிற்கும் என்றும் வாதிட்டார்கள். ஒரு மாணவரின் வீட்டுப்பாடத்திலிருந்து தொடங்கியது இவ்வளவும்.

ஆகவே, இறக்கிய கோப்பைத் தொடாமல் தனியாக வையுங்கள், நகலில் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு படிக்குப் பிறகும் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். படம் வரைந்து கண்ணால் பார்க்காமல் ரெக்ரஷன் ஓட்டாதீர்கள்.

வாரம் எப்படிப் போக வேண்டும்

வகுப்புக்கு முன் அரை மணி நேரம் அந்த அத்தியாயத்தைப் புரட்டுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை. வகுப்பு முடிந்த அன்றே, நோட்டை மூடிவிட்டு, அன்றைய முக்கியப் படத்தையோ நிரூபணத்தையோ வெற்றுத் தாளில் திரும்பப் போடுங்கள். எங்கே நிற்கிறீர்களோ அங்கேதான் படிக்க வேண்டியது இருக்கிறது.

பயிற்சிக் கணக்குகளை முதலில் தனியாக முயலுங்கள். ஒரு மணி நேரமாவது முட்டி மோதிய பிறகு நண்பர்களோடு உட்காருங்கள். குழுவில் ஒருவர் போட்டதை மற்றவர்கள் பார்த்து எழுதுவதாக இருந்தால் அந்தக் குழுவே வேண்டாம். விடைக் குறிப்போ ஏஐ கருவியோ தரும் தீர்வைப் படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். புரிந்ததா என்று பார்க்க ஒரே வழி, அதை மூடிவிட்டு மறுநாள் முதலிலிருந்து போடுவது. முடியவில்லையென்றால் நேற்று நடந்தது வாசிப்பு மட்டும்தான். சிக்கிக்கொண்டால் ஆசிரியரை அவர் அறையில் போய்ப் பாருங்கள், 'ஒன்றும் புரியவில்லை' என்று போகாமல் 'மூன்றாவது வரியிலிருந்து நாலாவது வரிக்கு எப்படிப் போனீர்கள்' என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற மாணவருக்கு நேரம் ஒதுக்காத ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே பழைய வினாத்தாள்களைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள். விடைத்தாளில் அனுமானத்தை முதலில் எழுதுங்கள், படிகளைக் காட்டுங்கள், அலகு போடுங்கள், கடைசியில் அந்த ஒரு வாக்கியம். கூட்டலில் தவறினாலும் படிகளுக்கு மதிப்பெண் கிடைக்க வாய்ப்பு உண்டு, வெறும் விடை தப்பாக இருந்தால் எதுவும் கிடைக்காது.

இரண்டாவது வருடக் கடைசியில் யோசிக்க வேண்டியவை

பொருளியலில் முதுகலை, முனைவர் பட்டம் என்று போக ஆசை இருந்தால் விருப்பப் பாடங்களில் நேரியல் இயற்கணிதமும் கூடுதல் கணிதமும் எடுங்கள், கடைசி வருடத்தில் நினைத்துக்கொண்டால் தாமதம். முதலீட்டு ஆய்வுப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு சிஎஃப்ஏ (முதலீட்டு ஆய்வாளர்களுக்கான தொழில்முறைத் தகுதி) தேர்வு இருக்கிறது, மூன்று நிலைகள் கொண்டது, உங்கள் நிதிப் பாடங்களோடு நிறைய ஒத்துப்போகும். ஆனால் டிகிரி மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொண்டு அதற்கு ஓடாதீர்கள். காப்பீட்டுக் கணிதம் தனிப் பாதை, நிகழ்தகவு பிடித்தவர்கள் விசாரித்துப் பாருங்கள். விடுமுறையில் எங்கேயாவது ஒரு மாதம் பயிற்சி வேலை கிடைத்தால், சின்ன நிறுவனம் என்றாலும் போங்கள், அழுக்கான தரவை முதல்முறையாக அங்கேதான் பார்ப்பீர்கள்.

கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும்போது 'பொருளாதார வளர்ச்சியில் நிதித்துறையின் பங்கு' என்ற அளவில் யோசிக்காதீர்கள், அதை ஒருவர் வாழ்நாள் முழுக்க எழுதலாம். எந்த விலை அல்லது எந்த முடிவு, எந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும், எங்கே, எந்த வருடங்களில் என்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிற கேள்வியாக இருக்கட்டும். தலைப்பை உறுதி செய்வதற்கு முன்னால் இரண்டு வேலை: அந்தத் தரவு உண்மையிலேயே கிடைக்கிறதா என்று இறக்கிப் பாருங்கள்; 'கெழு நேர்மறையாக வந்தால் நான் எழுதப்போகும் வாக்கியம் இது, எதிர்மறையாக வந்தால் இது' என்று இரண்டையும் எழுதி வழிகாட்டியிடம் காட்டுங்கள். இரண்டில் எது வந்தாலும் படிக்க ஆள் இருக்கும் என்று அவர் சொன்னால், அன்றைக்கே தொடங்கிவிடலாம்.